தாதரில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவது எப்படி?

எங்கள் நியூ ஜெர்சி வட்டத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஆர்.வி. எனப்படும் நகரும் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லாங் வீக்கெண்டுக்கு மலைப்பக்கம் போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து ஒரே புலம்பல். முதல் ராத்திரியே மழையாம், பாட்டரி படுத்துவிட்டதாம், கழிவுத் தொட்டியின் குழாயைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, அப்புறம் நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் எழுதக்கூடாது. "லைஃப்ல இப்படி ஒரு டிராவல் பண்ணினதே இல்லைங்க" என்று முடித்தார் ஒருவர். தங்கமணி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், வாயைத் திறக்காதே என்று. அங்கே திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

தாராவியில் பிறந்து, செம்பூரில் வளர்ந்து, வருஷம் தவறாமல் மே மாதம் திருநெல்வேலிச் சீமைக்கு ரயிலேறியவனுக்கு நகரும் வீடு புதிதா என்ன? எங்கள் நகரும் வீட்டில் 72 பேர் குடியிருப்பார்கள். அது ரிசர்வேஷன் கணக்கு. நிஜக் கணக்கு டி.டி.இ.க்கே தெரியாது. இங்கே வளரும் பிள்ளைகளிடம் "எங்க தாத்தா பம்பாய் போனார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். எப்படிப் போனார் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்தருள்க.

முதலில் பாதை. 1853 ஏப்ரல் 16, போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. பம்பாயிலிருந்து தெற்கே போக வேண்டுமென்றால் சஹ்யாத்ரி மலையை ஏற வேண்டும். கர்ஜத்துக்கும் கண்டாலாவுக்கும் நடுவே போர் காட் பகுதியில் 37 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். 1856இல் தொடங்கி 1863இல் முடித்தார்கள். காலராவிலும் பாறைச் சரிவிலும் செத்த கூலிகள் ஆயிரக்கணக்கில். காண்டிராக்டர் சாலமன் டிரெட்வெல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே, 1859இல், இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் ஊருக்குத் திரும்பாமல், காண்டிராக்டைத் தானே ஏற்று நடத்தினார். லோனாவாலா வரும்போது எல்லோரும் சிக்கி வாங்க ஓடுகிறோமே, அந்தத் தண்டவாளத்தின் கதை இது.

1871இல் பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. ரயில்வேயும் சென்னையிலிருந்து போன மதராஸ் ரயில்வேயும் ராய்ச்சூரில் கைகுலுக்கின. கல்யாண், புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பா, ரேணிகுண்டா, அரக்கோணம், சென்னை. ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். பம்பாய்த் தமிழனுக்கு இந்த வரிசை பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

அந்தப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர்கள்தான் நம் ஆட்கள். தோல் பதனிடும் வேலை தெரிந்த நெல்லைச் சீமைக்காரர்கள் தாராவிக்கு. இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் தெரிந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக்காரர்கள் மாட்டுங்காவுக்கு. 1932இல் அவர்கள் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் இன்றும் இருக்கிறது. இரண்டு கூட்டமும் ஒரே வண்டியில்தான் வந்தது. ஒரே பெட்டியில் வந்ததா என்று கேட்காதீர்கள், வம்பு. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்தே போகலாம், ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஆனது.

எங்கள் தாத்தா ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம். நாற்பதுகளில் தாராவித் தோல் கிடங்குக்கு வந்தார். அவர் ஊருக்குப் போகும் கணக்கு இது: வி.டி.யிலிருந்து மூன்றாம் வகுப்பில் சென்னை சென்ட்ரல். அது அகலப்பாதை. தெற்கே போகும் வண்டிகள் மீட்டர்கேஜ், எழும்பூரிலிருந்து. ஆகவே தகரப்பெட்டி, படுக்கை மூட்டை, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஜட்காவில் ஏற்றி எழும்பூர். அங்கே பிளாட்பாரத்தில் பகல் முழுக்கக் காத்திருந்து, ராத்திரி வண்டி. மறுநாள் திருநெல்வேலி. அப்புறம் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஸ்ரீவைகுண்டம். மூன்று ராத்திரி, நான்கு விதமான உட்காருமிடம். மூன்றாம் வகுப்பு என்றால் மரப் பலகை. ஜன்னலோரம் இடம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி என்று நினைப்பீர்கள். கரி எஞ்சின் காலத்தில் ஜன்னலோரம்தான் தண்டனை. கண்ணில் கரித்தூள் விழாமல் ஊர் சேர்ந்தவர் கிடையாது. மே மாதம் ராய்ச்சூர் தாண்டும்போது ஈரத்துண்டை ஜன்னலில் கட்டுவார்கள், பத்தே நிமிஷத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். ஆச்சி திருகு கூஜாவை மடியை விட்டு இறக்கமாட்டாளாம். தண்ணீருக்குத்தான் அந்தப் பெட்டியில் அடிதடி.

இதெல்லாம் அசௌகரியம். ஆபத்து வேறு. 1956 நவம்பர் 23, விடிகாலை. எழும்பூரிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தின் அடியை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தவர், நேரு அப்போது வாங்கிக்கொள்ளவில்லை. துணை மந்திரி ஓ.வி. அழகேசன் பெயரோடு அரியலூரைச் சேர்த்து எதுகை மோனையாக தி.மு.க. ஒரு கோஷம் கட்டி 1957 தேர்தல் முழுக்க ஒலித்தது, அவர் தோற்றும் போனார். பம்பாயிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு அது 'நம்ம வண்டி'. தாராவியில் பல கோலிகளில் அன்று அடுப்பு எரியவில்லை என்று ஆச்சி சொல்வாள். (கோலி என்றால் மும்பைத் தமிழில் ஒண்டு அறை. கண்ணாடிக் கோலி அல்ல.) தந்தி வருமா வராதா என்று இரண்டு நாள் தெருவே வாசலில் உட்கார்ந்திருந்ததாம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். அப்பாவிடம் போனில் கேட்டேன். "எளுது, பொய்யா சொல்லப் போற?" என்றார்.

அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1915இல் ஜி.ஐ.பி. காலத்தில் தொடங்கிய பட்டறை அது, பயணிகள் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்பும் இடம். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் கடைசியாக எந்தப் பட்டறையில், எந்தத் தேதியில் பார்த்தது என்று சின்னதாக எழுதியிருக்கும். அப்பா எந்த ரயிலில் ஏறுவதற்கு முன்பும் அதைப் படிப்பார். மாட்டுங்கா என்றிருந்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறுவார், கன்றுக்குட்டியைத் தட்டுவது மாதிரி.

1974 மே 8. நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். ஏறத்தாழ 17 லட்சம் தொழிலாளர்கள். எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்ற பொதுத்துறைக்கு இணையான சம்பளம், இவைதான் கோரிக்கை. தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மே முதல் வாரத்திலேயே கைது செய்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்களைச் சாமான்களோடு தெருவில் இறக்கியதும் பல ஊர்களில் நடந்தது. அப்பாவுக்கு அப்போது 28 வயது. நாங்கள் இன்னும் தாத்தாவின் தாராவி கோலியில்தான் இருந்தோம். நாங்கள் இருந்தது ரயில்வே வீடு இல்லை என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அம்மாவுக்கு அந்த மாதம்தான் புரிந்ததாம்.

அந்த வாரத்தின் கடைசியில் தந்தி வந்தது. ஊரோடு போய்விட்ட தாத்தா காலமாகிவிட்டார், உடனே புறப்படு. அப்பா மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர்.

ரயில் சுத்தமாக ஓடவில்லை என்று நினைக்காதீர்கள். அரசாங்கம் பிரதேச ராணுவத்தையும் வேலைக்கு வந்தவர்களையும் வைத்துச் சில நீண்டதூர வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தது. வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது என்று காட்ட அதுதானே வழி. தெருக்காரர்கள் வந்து சொன்னார்கள், தாதரில் போய் நில், ஏதாவது ஒரு வண்டி வரும், தொற்றிக்கொள். அப்பாவிடம் ரயில்வே பாஸ் இருந்தது. அம்மா டிபன் கட்டிவிட்டாள்.

அப்பா தாதருக்குப் போகவில்லை. சக தொழிலாளி உள்ளே கிடக்கிறான், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சாமானோடு ரோட்டில் நிற்கிறார்கள், இந்த வண்டியில் நான் கால் வைப்பதா என்று கேட்டாராம். "பெத்த அப்பன்யா" என்று சித்தப்பா முறையுள்ள ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். பஸ் ஏறி புனே போனார். அங்கிருந்து கோலாப்பூர். கோலாப்பூரிலிருந்து வெங்காய லாரி ஒன்றில் பெல்காம் தாண்டி ஹூப்ளி வரை மூட்டை மேல் படுத்துக்கொண்டு. ரயில் இல்லாததால் எல்லா பஸ்ஸிலும் கூரை வரை ஆட்கள். ஹூப்ளியில் ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்டுத் தரை. அப்புறம் பெங்களூர், சேலம், மதுரை, திருநெல்வேலி. ஐந்தாம் நாள் காலையில் வீட்டு வாசலில் போய் நின்றபோது காடாற்று எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா கொள்ளி வைத்திருந்தார். ஆச்சி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்து, "வண்டி கெடைக்கலியா ஐயா?" என்று மட்டும் கேட்டாளாம். அப்பா "கெடைக்கல" என்றார். அந்தப் பொய்யை ஆச்சி சாகும்வரை திருத்தவில்லை.

மே 27இல் வேலைநிறுத்தம் வாபஸ். கேட்ட எதுவும் அப்போது கிடைக்கவில்லை. கலந்துகொண்டவர்களுக்குப் பணித் தொடர்ச்சி முறிந்ததாகப் பதிவு வைத்தார்கள். அப்பா பதினாறாம் நாள் காரியம் முடித்து ரயிலில் திரும்பினார். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. எனக்கு நினைவிருப்பது அவர் கொண்டுவந்த பனங்கற்கண்டு மட்டும்.

1977இல் ஜனதா ஆட்சி வந்ததும், வேலைபோனவர்களைத் திரும்ப எடுத்தார்கள். ரயில்வே மந்திரி மது தண்டவதே, கொங்கண்காரர். இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரின் மரப் பலகையில் இரண்டு அங்குல ஃபோம் போடச் சொன்னவர் இவர்தான். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இலேயே போய்விட்டது, ஆனால் பெயர் போனதால் முதுகு வலி போகவில்லை. அது போனது தண்டவதேயால்தான். இந்தியப் பிரதமர்கள் பலருக்குச் சிலை இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இரண்டு அங்குல ஃபோமுக்கு ஒரு சிலை வைக்கலாம் :-)

எண்பதுகள் எனக்கே நன்றாக நினைவிருக்கும் காலம். அப்போது செம்பூருக்கு வந்துவிட்டோம். ரிசர்வேஷனுக்கு முதல்நாள் ராத்திரியே போய்ப் படுத்து வரிசை பிடிப்பது, திரும்பி வரும் டிக்கெட்டுக்கு இங்கிருந்தே தந்தி அடித்துவிட்டுச் சாமியைக் கும்பிடுவது, இதெல்லாம் கம்ப்யூட்டர் வரும்வரை. பாலக்காடு, திருவனந்தபுரம் சுற்றிக் கன்னியாகுமரி போகும் ஜெயந்தி ஜனதாவில் போனால் நாகர்கோவிலில் இறங்கிக்கொள்ளலாம், எழும்பூர் மாற்றம் மிச்சம். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்தே வயசாகிவிடும். மதுரை, திருநெல்வேலிப் பாதை அகலப்பாதையாக மாறியது தொண்ணூறுகளில். அதன் பிறகுதான் பம்பாயில் ஏறியவன் மதுரை வழியாக நெல்லையில் இறங்க முடிந்தது. 1998 ஜனவரி 26இல் கொங்கண் ரயில்வேயும் வந்தது. வேகமாகத்தான் போனது. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாறை சரிந்து, கார்வாரிலிருந்து மும்பை வந்த விடுமுறைச் சிறப்பு ரயில் தடம் புரண்டு 50 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஜூனிலேயே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் விபத்து. சஹ்யாத்ரி 1856இல் இருந்த அதே சஹ்யாத்ரிதான்.

நடுவில் 1993 இருக்கிறது. 1992 டிசம்பரிலும் 93 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொல்கிறது. தாராவி முதலில் பற்றிய இடங்களில் ஒன்று. ஜனவரியில் பல்லாயிரம் பேர் நகரத்தை விட்டு ரயிலேறினார்கள். எங்கள் அத்தை குடும்பம் ஐந்து பேர். தாதரில் நானும் அப்பாவும் போய் ஏற்றிவிட்டோம், ஏற்றினோம் என்பதைவிட ஜன்னல் வழியாகச் செருகினோம் என்பதே சரி. அன்று அப்பா பெட்டியின் முனையில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. அத்தை குண்டக்கல் வரை கக்கூஸ் கதவோரம் நின்றுகொண்டே போனாள். பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம், அவர்களும் தாராவி, அவர்களும் நெல்லைப் பக்கம். இரண்டு வீட்டுச் சோற்றையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டினார்களாம். யார் யாருக்குப் பயந்து ஓடுகிறோம் என்று அந்தப் பெட்டியில் யாரும் பேசவில்லை என்று அத்தை சொன்னாள். மூன்று மாதம் கழித்து இரண்டு குடும்பமும் திரும்பி வந்தன. ஊரில் என்ன வேலை இருக்கிறது?

2005 ஜூலை 26 பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாள் கொலாபாவில் வெறும் 73. மித்தி ஆறு திரும்பிப் பாய, குர்லா, சயான், மாட்டுங்கா தண்டவாளமெல்லாம் குளம். தம்பி பரேலிலிருந்து செம்பூருக்கு இடுப்பளவு தண்ணீரில் கைகோத்த வரிசையில் நடந்து, மறுநாள் காலையில்தான் வீடு வந்தான். பத்துக் கிலோமீட்டர் சொச்சம். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் போகவே இல்லை. அன்றுதான் 1956இல் தந்திக்காகத் தெரு உட்கார்ந்திருந்தது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

2020 மார்ச்சில் ரயிலே நின்றது. தாராவியில் முதல் கொரோனா நோயாளி ஏப்ரல் 1இல். இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எத்தனையோ லட்சம் பேர், பொதுக் கக்கூஸ், எட்டுக்குப் பத்து கோலியில் ஏழெட்டுப் பேர். 'தள்ளி இருங்கள்' என்றால் எங்கே தள்ளி இருப்பது? மே மாதம் இ-பாஸ் வாங்கி, நகையை அடகு வைத்து வேன் பிடித்து ஊருக்குப் போனார்கள். மகாராஷ்டிராவிலிருந்து திருநெல்வேலிக்கு ஷ்ராமிக் ரயில்களும் விட்டார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதனை. தமிழ்நாட்டின் தினசரி அறிக்கையில் 'மகாராஷ்டிராவிலிருந்து வந்தவர்கள்' என்று தனிக் கணக்கே வந்தது. எண்பது வருஷமாக மணியார்டர் அனுப்பிய ஊர், பம்பாய்க்காரன் வருகிறான் என்றால் முள்ளை வெட்டித் தெருவை அடைத்தது. குறை சொல்லவும் மனசில்லை, பயம் அப்படி. எங்கள் உறவில் ஒரு பையன், பெண்டாட்டி, கைக்குழந்தை மூவரும் பள்ளிக்கூடத்தில் 14 நாள் இருந்தார்கள். சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடியது சொந்தப் பெரியம்மா மகன். தீபாவளிக்குள் அவர்கள் தாராவிக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாந்தாகுரூஸின் 94.4ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, ஏறத்தாழ 800 பயணிகளோடு. அதற்கு அப்பால் ஜல்லி அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இரண்டு ராத்திரி ஸ்டேஷனிலும் பெட்டியிலும். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்த கிராமத்துக்காரர்கள் அரிசி சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். 19ஆம் தேதிதான் எல்லோரையும் மீட்டு, மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

செய்தி பார்த்ததும் செம்பூருக்குப் போன் போட்டேன். அப்பா ஏற்கெனவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டேஷனைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜல்லி போயிருக்கது ராத்திரில தெரியாதுலே. வண்டிய நிப்பாட்டுனாம் பாரு ஸ்டேஷன் மாஸ்டர், அவனுக்குப் புள்ளகுட்டியெல்லாம் நல்லாருக்கணும்" என்றார். அரியலூர் பற்றிக் கொஞ்சம் பேசினார். சோறு போட்டவர்கள் எந்தத் தெரு என்று டி.வி.யில் முகம் தெரிகிறதா பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு, "பெட்டியக் கிட்டக் காட்ட மாட்டேங்கான். இதெல்லாம் பெரம்பூர்ல பாத்த பெட்டியாத்தான் இருக்கும், என்ன?" என்றார்.